வாசலில் கறை படாமல் வண்டிக்கு ஆயில் மாற்றலாம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. திண்டுக்கல்லில் ஒரு தெரு.

வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு ஓர் அம்மாள் வீட்டுக்குள் போகிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறார். கோலத்தைக் காணோம்! அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் அடியில் கறுப்பாக ஒரு குட்டை. பக்கத்தில் அவருடைய கணவர். இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கறுப்பு.

"என்னங்க இது? வாசலைப் பாருங்க!"

"ஆயில் மாத்துறேன். கொஞ்சம் சிந்திப்போச்சு. மேலே ரெண்டு கை மண்ணைப் போட்டு மூடிட்டாச் சரியாப் போயிரும்."

"மூடிட்டா? அப்புறம் அது எங்கே போகும்?"

கணவரிடம் பதில் இல்லை.

திண்டுக்கல்லில் மட்டும் அல்ல, வண்டி நிற்கும் ஊர்களில் எல்லாம் காணக்கூடிய காட்சி இது. அந்த அம்மாள் கேட்டது நல்ல கேள்வி. "அது எங்கே போகும்?"

இதற்குப் பதில் தெரிந்தால், ஆயிலை எப்படி மாற்றுவது என்பதும் தானாகவே விளங்கிவிடும்.

வண்டி மையும் என்ஜின் ஆயிலும்

மாட்டு வண்டி ஓடிய காலத்தில், சக்கரம் சுழலும் அச்சில் 'வண்டி மை' போடுவார்கள். வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் அந்த மை கிடைக்கும். மை போடாத வண்டி கிறீச்சிடும். அச்சு தேயும். மாடு இழுக்க முடியாமல் திணறும்.

மோட்டார் சைக்கிளுக்கும் இதே கதைதான். என்ஜினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. ஒரு நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான தடவை ஓடுகிறது. உலோகமும் உலோகமும் நேராக உரசினால் சூடு பிறக்கும். சூடு மிஞ்சினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். "என்ஜின் சீஸ் ஆகிவிட்டது" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்பது ஆயில். அது உரசலைத் தடுக்கிறது. சூட்டை வாங்கிக்கொள்கிறது. கரியையும் உலோகப் பொடியையும் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. துருப் பிடிக்காமலும் காக்கிறது.

இத்தனை வேலை செய்கிற ஆயில் நாளாக ஆகக் கறுத்துப் போகிறது. கறுத்ததைக் கண்டு பயப்பட வேண்டியது இல்லை. உள்ளே இருக்கும் அழுக்கைத் தன் மேல் வாங்கிக்கொண்டதால்தான் அது கறுக்கிறது. ஆனால் அது வாங்கிக்கொள்வதற்கும் ஓர் அளவு உண்டு. அந்த அளவு தாண்டினால் ஆயில் வலு இழக்கிறது. என்ஜின் தேயத் தொடங்குகிறது.

ஆகவே நிறத்தைப் பார்த்து ஆயில் மாற்றக்கூடாது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை மாதம் ஆயிற்று என்று பார்த்து மாற்ற வேண்டும். வண்டியோடு கம்பெனி கொடுக்கும் புத்தகத்தில் அந்தக் கணக்கு இருக்கும். வண்டி அதிகம் ஓடாவிட்டாலும், சொல்லியிருக்கும் மாதம் முடிந்தால் மாற்றிவிட வேண்டும்.

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது பழமொழி. நல்ல எண்ணெய்க்குக் காசு கொடுத்தால் மருந்துக்குக் காசு மிச்சம் என்று பெரியவர்கள் கண்டார்கள். என்ஜினுக்கும் அது பொருந்தும்.

வீட்டுக்கு வீடு வந்த கதை

ஒரு காலத்தில் சின்ன வண்டி வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

1980ஆம் ஆண்டில் டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் இந்திய மொபெட் அது. காய்கறி மூட்டையும் பூக்கூடையும் பால் கேனும் அதில் ஏறின. கிராமத்துக்குக் கிராமம் அது பரவியது.

அது 'டூ ஸ்டிரோக்' வண்டி. பெட்ரோல் போடும்போதே கொஞ்சம் ஆயிலையும் சேர்த்துப் போடுவார்கள். அந்த ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாகப் போய்விடும். என்ஜினில் இருந்து கறுப்பு ஆயிலை வடிக்கும் வேலை இல்லை.

1985ஆம் ஆண்டு செப்டம்பர் 15ந் தேதி, மதுரை மாவட்டத்தில் இருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் பிறந்தது. அதே ஆண்டில்தான் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 என்ற மோட்டார் சைக்கிளும் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அது 'போர் ஸ்டிரோக்' வண்டி. புகை குறைவு. பெட்ரோல் செலவும் குறைவு. மக்கள் அந்த மாதிரி வண்டிகளையே விரும்பி வாங்கத் தொடங்கினார்கள். 2015ல் டி.வி.எஸ். மொபெட்டிலும் போர் ஸ்டிரோக் என்ஜின் வந்துவிட்டது.

போர் ஸ்டிரோக் வண்டியில் ஆயில் எரிந்து போவது இல்லை. என்ஜினின் அடியில் தேங்கி நிற்கிறது. அதை அவ்வப்போது வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறக்குறைய ஒரு லிட்டர் இருக்கும்.

புகை குறைந்தது நல்ல காரியம். ஆனால் வீட்டுக்கு வீடு கறுப்பு ஆயில் வந்து சேர்ந்தது!

என்னென்ன சாமான் வேண்டும்?

இந்த வேலைக்குப் பெரிய பட்டறை தேவை இல்லை. கீழே சொல்லும் சாமான்கள் போதும்.

வண்டியின் ஆயில் போல்ட்டுக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்று. பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட்டின் முனை மழுங்கிவிடும்.

காலியான 5 லிட்டர் சமையல் எண்ணெய் கேன் ஒன்று. அதைப் படுக்க வைத்து, மேலே தெரியும் அகலமான பக்கத்தில் ஜன்னல் மாதிரி வெட்டி எடுக்க வேண்டும். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விட்டு வெட்டினால் கேன் வளையாது. திருகு மூடி இறுக்கமாக இருக்கட்டும். இதுதான் ஆயில் பிடிக்கும் தட்டு. வண்டிக்கு அடியில் நுழைகிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் பாட்டிலின் மேல் பாதியை வெட்டிக் கவிழ்த்தால் அதுவே புனல். அதில் ஈரம் இருக்கக்கூடாது.

பழைய செய்தித்தாள், ஒரு சாக்கு, பழைய துணி, ஒரு படி மரத்தூள் அல்லது உமி. கைக்கு ரப்பர் உறை. போல்ட்டுக்குப் புது வாஷர். கடைசியாக, புது ஆயில்.

எந்த ஆயில்?

கடைக்காரர் கொடுப்பதை வாங்கி ஊற்றுவது தவறு. புத்தகத்தில் சொன்னதைத்தான் வாங்க வேண்டும்.

டப்பாவின் மேல் 10 டபிள்யூ 30, 20 டபிள்யூ 40 என்று போட்டிருக்கும். அது விலையும் அல்ல, தரமும் அல்ல. ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்லும் எண். 1911ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் ஆயிலைக் கெட்டித்தன்மைப்படி எண் போட்டுப் பிரிக்கத் தொடங்கியது. முதல் எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைக் காட்டும். இரண்டாவது எண், என்ஜின் சூடான பிறகு எப்படி நிற்கும் என்பதைக் காட்டும். நடுவே உள்ள எழுத்து, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து.

இன்னொரு விஷயமும் உண்டு. கியர் உள்ள பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் தகடுகள் என்ஜின் ஆயிலிலேயே மூழ்கி இருக்கும். காருக்கான ஆயிலை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஆகவே டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கியர் மாற்றத் தேவை இல்லாத ஸ்கூட்டருக்கு 'எம்.பி.' என்று போட்ட ஆயில்.

செய்யும் முறை

வண்டியைச் சமதரையில் நடு ஸ்டாண்டு போட்டு நிறுத்த வேண்டும். கோலம் போட்ட இடமும், கிணற்றடியும், சாக்கடை ஓரமும் வேண்டாம். கீழே சாக்கை விரித்து, அதன் மேல் செய்தித்தாளை நாலு மடிப்பாகப் போட வேண்டும்.

என்ஜினை மூன்று நிமிஷம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான ஆயில் இளகி ஓடும். அழுக்கும் அதோடு சேர்ந்து வெளியே வரும். நீண்ட தூரம் ஓட்டி வந்த உடனே திறக்கக்கூடாது. சூடான ஆயில் கையைப் பொத்துப் போகச் செய்யும். பிளாஸ்டிக் கேனையும் வளைத்துவிடும். அப்படி ஓட்டி வந்தால் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும்.

அடுத்தது, துடைப்பது. ஆயில் ஊற்றும் மூடியைச் சுற்றியும், அடியில் உள்ள போல்ட்டைச் சுற்றியும் இருக்கும் மண்ணைத் துணியால் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த மண் என்ஜினுக்குள் போய்விடும்.

பிறகு மேல் மூடியை முதலில் திறக்க வேண்டும். இதைப் பலர் செய்வது இல்லை. டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் குபுக் குபுக் என்று தெறிப்பதைப் பார்த்திருக்கலாம். இன்னொரு ஓட்டை போட்டால் அமைதியாக ஓடும். என்ஜினும் அப்படித்தான். மேலே காற்று நுழைய வழி விட்டால் கீழே ஆயில் தெறிக்காமல் இறங்கும்.

இனி கேனைச் சரியான இடத்தில் வைத்து, போல்ட்டை ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பிறகு ஸ்பேனரை வைத்துவிட்டு, விரல்களால் திருக வேண்டும். திருகும்போது போல்ட்டை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே திருக வேண்டும். கடைசிப் புரி கழன்றது விரலுக்குத் தெரியும். அப்போது சட்டென்று பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். போல்ட்டும் ஆயிலில் விழாது. கையிலும் ஆயில் வழியாது. சுத்தமாக ஆயில் மாற்றும் வித்தையில் பாதி இந்த ஒன்றில் இருக்கிறது.

பத்து நிமிஷம் பொறுமையாக வடியவிட வேண்டும். அதற்குள் போல்ட்டைத் துடைத்துப் புது வாஷர் போட்டுக்கொள்ளலாம்.

வடிந்த பிறகு போல்ட்டைக் கையால் நேராகப் பூட்ட வேண்டும். கோணலாகப் போனால் புரி போய்விடும். கடைசியில்தான் ஸ்பேனர். முழுப் பலத்தையும் காட்டக்கூடாது. என்ஜினின் அடிப்பாகம் அலுமினியம். அதன் புரி அறுந்தால் மிச்சம் பிடித்த கூலியைப் போல் பல மடங்கு செலவு வரும்.

புது ஆயிலைப் புனல் வழியே ஊற்ற வேண்டும். சொல்லிய அளவில் கொஞ்சம் குறைத்து ஊற்றி, என்ஜினை இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும். சில நிமிஷம் பொறுத்து அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே ஆயில் நிற்க வேண்டும். குறைந்தால் ஆபத்து. "கூட இருந்தால் நல்லதுதானே" என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்.

வடிகட்டியை மறக்கக்கூடாது

பல வண்டிகளில் ஆயிலை வடிகட்ட 'பில்ட்டர்' இருக்கும். சிலவற்றில் கம்பிச் சல்லடை மட்டும் இருக்கும்.

ஆரம்ப காலக் கார்களில் இந்தப் பில்ட்டர் கிடையாது. 1923ஆம் ஆண்டில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்டு என்ற அமெரிக்கர் கார் ஆயிலுக்கு ஒரு வடிகட்டி செய்தார். அதற்குப் 'பியூரொலேட்டர்' என்று பெயர் வைத்தார். 'பிறகு சுத்தமான ஆயில்' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் அது.

பில்ட்டரைக் கழற்றும்போதுதான் அதிகம் சிந்தும். அதற்கு ஒரு சுலபமான வழி. பில்ட்டரை முதலில் சிறிது தளர்த்த வேண்டும். பிறகு ஒரு பிளாஸ்டிக் பையை அதன் மேல் மாட்டி, பையோடு சேர்த்துத் திருகிக் கழற்ற வேண்டும். வழியும் ஆயில் எல்லாம் பைக்குள்ளேயே விழும். பிறகு பில்ட்டரை ஓர் இரவு கேனின் மேல் கவிழ்த்து வைத்தால், மிச்சம் இருக்கும் ஆயிலும் வடிந்துவிடும்.

காரும் டிராக்டரும் வைத்திருப்பவர்களுக்கு

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் காய்கறித் தோட்டங்களிலும், நிலக்கோட்டை பக்கத்துப் பூந்தோட்டங்களிலும் டிராக்டர் உழுகிறது. அதில் ஒரு லிட்டர் இல்லை. பல லிட்டர் ஆயில் இருக்கும். அதற்குச் சின்னக் கேன் போதாது. மொத்த ஆயிலையும் தாங்கும் இரும்புத் தட்டு வேண்டும்.

காருக்கு அடியில் படுத்துப் புரள வேண்டிய அவசியமும் இல்லை. கையால் இயக்கும் உறிஞ்சு பம்பு கிடைக்கிறது. பல கார்களில் அளவுக் குச்சி போகும் துளை வழியாகவே மெல்லிய குழாயை விட்டு ஆயிலை மேலே உறிஞ்சி எடுத்துவிடலாம். போல்ட்டைத் தொட வேண்டாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அடிப் போல்ட்டுக்குப் பதிலாகச் சின்னக் குழாய் மாதிரி ஒரு திறப்பானைப் பூட்டிவிடுவது. அதில் ரப்பர் டியூபை மாட்டித் திறந்தால் ஆயில் நேராகக் கேனுக்குள் போய்விடும். ஆனால் மேடு பள்ளத்தில் ஓடும் வண்டியில் கல் அடிபட்டுத் திறப்பான் உடையாத இடமாக இருக்க வேண்டும்.

காரை ஜாக்கியில் தூக்கி அதை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஜாக்கி நழுவினால் உயிருக்கு ஆபத்து.

அது எங்கே போகும்?

இனி அந்த அம்மாளின் கேள்விக்கு வரலாம்.

மாட்டு வண்டி மை மண்ணில் விழுந்தால் பெரிய கெடுதல் இல்லை. விளக்கெண்ணெய் செடியில் இருந்து வந்தது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். என்ஜின் ஆயில் அப்படி அல்ல. பூமிக்கு அடியில் இருந்து எடுத்த எண்ணெயில் இருந்து செய்தது. கெட்டுப் போகாமல் இருக்கப் பல ரசாயனங்களைச் சேர்த்தது. ஓடித் தேய்ந்த பிறகு அதில் உலோகப் பொடியும் கரியும் சேர்ந்துவிடுகின்றன. மண்ணில் அது மிகவும் மெதுவாகத்தான் சிதையும்.

திண்டுக்கல் சமவெளி பாறைப் பூமி. ஊருக்கு நடுவே நிற்கும் மலையே அதற்குச் சாட்சி. மேலே கொஞ்சம் மண். அதன் கீழே உதிர்ந்த பாறை. அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கிணற்றில் ஊறும் தண்ணீர் அந்த உதிர்ந்த பாறையிலும், பாறை வெடிப்புகளிலும்தான் இருக்கிறது. மேலே ஊற்றியது மழையோடு இறங்கினால், அந்த வெடிப்புகளே அதற்கும் வழியாகிவிடும்.

சாக்கடையில் ஊற்றினாலும் தப்பிக்க முடியாது. வாய்க்காலில் போகும். குளத்தில் சேரும். தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலம் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படலம் தண்ணீருக்குள் காற்று புகுவதைத் தடுக்கிறது. மீனுக்கு மூச்சு முட்டுகிறது.

ஒரு கார் ஆயிலை ஒரு தடவை மாற்றும்போது வரும் பழைய ஆயில், 10 லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா சொல்கிறது. 50 பேருக்கு ஒரு வருஷத்துக்குப் போதுமான தண்ணீர் அது!

கெட்ட கிணறுகள் சொல்லும் பாடம்

கிணறு கெட்டால் என்ன ஆகும் என்பதைத் திண்டுக்கல் மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது இல்லை. அவர்கள் அதை அனுபவித்தவர்கள்.

தோல் பதனிடும் தொழில் திண்டுக்கல்லின் பழைய தொழில்களில் ஒன்று. பலருக்குச் சோறு போட்ட தொழில். ஆனால் சுத்தம் செய்யாமல் விட்ட கழிவு நீர் பூமியில் இறங்கியது. திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் கணக்கு எடுத்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப் போயிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்க வேண்டியதாயிற்று.

இந்தக் கணக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 28-8-1996 அன்று கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. திண்டுக்கல் உள்பட தமிழ்நாட்டின் 5 மாவட்டங்களில் இருந்த தோல் ஆலைகளுக்குத் தலா 10 ஆயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. கழிவு நீரைச் சுத்தம் செய்யும் ஏற்பாடு இல்லாமல் ஆலை நடத்தக்கூடாது என்றது. கெடுத்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்றும் சொன்னது.

ஒரு வீட்டு வாசலில் சிந்திய ஆயில் ஒரு தோல் ஆலைக்குச் சமம் ஆகாது. அது உண்மைதான். ஆனால் ஆலையின் வாசலில் அதிகாரி வந்து நிற்கலாம். கோர்ட்டு உத்தரவு போடலாம். ஆயிரம் வீட்டு வாசலில் ஆயிரம் லிட்டர் சிந்தினால் யார் போய்ப் பார்ப்பது? அவரவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"வேறு உபயோகம் உண்டே!"

"பழைய ஆயிலை வீணாக்க மாட்டோம். கறையானுக்குப் பூசுவோம். கான்கிரீட் போடும்போது சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவோம். அடுப்பு எரிப்போம்" என்று சொல்பவர்கள் உண்டு.

வேலிக் கம்பத்தில் பூசிய ஆயில் மழையில் கரைந்து மண்ணுக்குத்தான் வரும். பலகையில் தடவியது கட்டட வேலை செய்பவர்களின் கையிலும் காலிலும் ஒட்டும். எரித்தால் உலோகப் பொடி புகையோடு சேர்ந்து மூச்சுக்குள் போகும்.

கார் ஓடித் தேய்ந்த ஆயிலைச் சுண்டெலிகளின் தோலில் பல நாள் தடவிச் சோதனை செய்தார்கள். அவற்றுக்குத் தோலில் புற்றுநோய் வந்தது. மனிதனுக்கு ஒரு நாள் கையில் பட்டால் நோய் வந்துவிடும் என்று இதற்கு அர்த்தம் அல்ல. ஆனால் கை உறை போடுவது நல்லது. பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பெட்ரோலால் கை கழுவுவது கூடாது. ஆயில் ஊறிய துணியைச் சட்டைப் பையில் சொருகி வைப்பதும் கூடாது. சேற்றுப் புண்ணுக்கும் மாட்டுப் புண்ணுக்கும் பழைய ஆயில் தடவும் வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

கறுப்புக்குள் இருக்கும் பொன்

பழைய ஆயில் உண்மையில் தேய்ந்து போவது இல்லை, அழுக்காகிறது. அவ்வளவுதான். அழுக்கை நீக்கினால் மறுபடியும் நல்ல ஆயில் கிடைக்கும்.

இதற்கென்று சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. முதலில் தண்ணீரை நீக்குகிறார்கள். பிறகு சூடாக்கி ஆவியாக்கி, அழுக்கையும் உலோகத்தையும் கீழே தங்கவிட்டு, நல்ல எண்ணெயைப் பிரித்து எடுக்கிறார்கள். 42 லிட்டர் கச்சா எண்ணெயில் இருந்து எவ்வளவு என்ஜின் ஆயில் கிடைக்குமோ, அவ்வளவும் ஒரே ஒரு லிட்டர் பழைய ஆயிலில் இருந்து கிடைத்துவிடும் என்று அமெரிக்க இலாகா கணக்குச் சொல்கிறது. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாட்டில் இருந்து வாங்கும் நாடு இந்தியா. மண்ணில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் நாட்டின் பணம்.

சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விதிகளின்படி, பழைய ஆயில் அபாயகரமான கழிவு. அனுமதி பெற்ற ஆலைகள்தான் அதைச் சுத்திகரிக்கலாம். 2023ல் இந்த விதிகள் திருத்தப்பட்டன. ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயில் மறுபடியும் பயன்பட ஏற்பாடு செய்யவேண்டும் என்ற பொறுப்பு, 1-4-2024 முதல் அமலுக்கு வந்தது.

ஆனால் அந்தப் பொறுப்பு நிறைவேற வேண்டுமானால், ஆயில் முதலில் கேனுக்குள் இருக்க வேண்டுமே! மண்ணுக்குள் போனதை எந்தக் கம்பெனி எடுக்க முடியும்?

கடைசி வேலைதான் முக்கிய வேலை

கேனில் பிடித்த ஆயிலை, அதன் திருகு மூடி வழியாகச் சாய்த்து, புது ஆயில் வந்த டப்பாவிலேயே ஊற்றிவிடலாம். ஒரு சொட்டும் சிந்தாது. மூடியை இறுக்கி, டப்பாவின் மேல் 'பழைய ஆயில்' என்று பெரிதாக எழுத வேண்டும்.

தண்ணீர் பாட்டிலிலும், கலர் பாட்டிலிலும் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் குடிக்கும் பானம் என்று நினைத்துவிடுவார்கள். கைக்கு எட்டாத இடத்தில், அடுப்பில் இருந்து தள்ளி வைக்க வேண்டும்.

அதில் தண்ணீரோ, மண்ணெண்ணெயோ, பெட்ரோலோ, பிரேக் ஆயிலோ கலக்கக்கூடாது. கலந்தால் சுத்திகரிப்பது கஷ்டம்.

இரண்டு மூன்று தடவை மாற்றியது சேர்ந்ததும், வண்டி சர்வீஸ் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து வைப்பார்கள். "இதை எங்கே அனுப்புகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதி பெற்ற ஆலைக்கு அனுப்புகிறவரிடம் கொடுக்க வேண்டும். எரிக்க விற்பவரிடம் கொடுக்கக்கூடாது.

அப்படியும் கீழே சிந்திவிட்டால்? தண்ணீர் ஊற்றிக் கழுவக்கூடாது. கழுவினால் கறை பரவும், சாக்கடைக்கும் போகும். மரத்தூளையோ உமியையோ மேலே கொட்டிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். ஆயிலை அது குடித்துவிடும். அதைக் கூட்டி எடுத்து ஒரு பையில் கட்டி, ஆயில் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். மண்ணில் சிந்தியிருந்தால், கறுத்த மண்ணையும் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

*

ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் இருந்து திண்டுக்கல் நகரத்துக்குக் குடிதண்ணீர் வருகிறது. மழை பொய்த்தால் ஒவ்வொரு குடமும் கணக்கு. அப்படிப்பட்ட ஊரில், கிணற்றில் இருக்கும் தண்ணீரைக் காப்பாற்றுவது வீட்டு வேலைதான். வேறு யாருடைய வேலையும் அல்ல.

அதற்குச் செலவு என்ன? வெட்டிய எண்ணெய் கேன் ஒன்று. ஒரு படி உமி. பத்து நிமிஷப் பொறுமை.

அடுத்த தடவை ஆயில் மாற்றும் ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு அம்மாள் வெளியே வந்து பார்க்கும்போது, வாசலில் போட்ட கோலம் அப்படியே இருக்கட்டும். "பழசை எங்கே ஊத்துனீங்க?" என்று அவர் கேட்டால், கணவர் மூடி போட்ட டப்பாவைக் காட்டட்டும்.